ஆமைச் சவாரி சாகசக்காரர்: கதையின் மறுபாதியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் பழைய நாளிதழ்த் துணுக்குப் பகுதியில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே முப்பது ஆண்டுகள் தலைவராக வாழ்ந்த லூயி டி ரூஜ்மோன் என்பவரைப் பற்றிய செய்தி வந்திருந்தது. 1898-ல் லண்டன் இதழில் அச்சானது என்பதையே அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தீர்கள். அந்தத் தொடர் தொடங்கியது ஆகஸ்ட் மாதம். அக்டோபருக்குள் லண்டன் நாளிதழ் ஒன்று அதைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் ஏறக்குறைய எட்டு வாரம் தாக்குப்பிடித்தார், அவ்வளவுதான். அந்த இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போட்டால், ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே முடிந்துபோன ஒரு மோசடிக்கு மறுபடி உயிர் கொடுத்ததாகிவிடும்.

முதலில் அவர் சொன்னது என்ன என்று பார்த்துவிடலாம். 1863-ல் பட்டேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, யென்சன் என்ற டச்சுக் கப்பல் தலைவருடன் முத்துக் குளிக்கப் புறப்பட்டாராம். கப்பல் உடைந்து, ஒரு நாயோடு மணல் திட்டு ஒன்றில் ஒதுங்கினாராம். திட்டின் நீளம் நூறு கஜம், அகலம் பத்து கஜம், கடல்மட்டத்துக்கு மேல் உயரம் எட்டு அடி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் வாழ்ந்து, ஆமை ஓட்டில் மண் நிரப்பி, ஆமை இரத்தம் ஊற்றிச் சோளம் வளர்த்து, பொழுதுபோகாதபோது ஆமை முதுகில் ஏறிச் சவாரி செய்தாராம். பிறகு யம்பா என்ற பழங்குடிப் பெண்ணின் குடும்பம் அங்கே வந்து சேர, அவர்களோடு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்குப் போய் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாராம். இதை வெளியிட்ட 'வைட் வேர்ல்டு மேகசின்' 1898 ஏப்ரலில்தான் தொடங்கியிருந்தது. ஜார்ஜ் நியூன்ஸின் நிறுவனம் நடத்திய இதழ் அது. 'கற்பனையைவிட உண்மையே விந்தையானது' என்பது அதன் முழக்கம். புது இதழுக்கு விற்பனை வேண்டும். வந்தவரிடம் கதை இருந்தது.

நாளிதழ்கள் மட்டும் ஏமாறவில்லை. 1898 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்க மாநாட்டில், புவியியல் பிரிவிலும் மானுடவியல் பிரிவிலும் அவர் உரை வாசித்தார். அறிஞர்கள் அரங்கில் பேசிவிட்டார் என்பது அடுத்த வாரமே இன்னொரு சான்றாக மாறிவிட்டது. அச்சில் வந்ததால் மேடை கிடைத்தது. மேடை கிடைத்ததால் அச்சில் வந்தது மெய்யாயிற்று. பழைய சாகசச் செய்தி எதையும் எடைபோடும்போது, இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சான்றுகளை ஒரே சான்றாகத்தான் எண்ண வேண்டும்.

அவர் எப்படிப் பிடிபட்டார் என்பதுதான் இந்த விவகாரத்தில் உருப்படியான பாடம். யாரும் ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குப் போய்ச் சோதிக்கவில்லை. 'டெய்லி கிரானிக்கிள்' நாளிதழ் செப்டம்பரிலும் அக்டோபரிலும் செய்ததெல்லாம் ஆள் யார், எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று தேடியதுதான். இயற்பெயர் ஆங்ரி லூயி கிரின். 1847-ல் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் கிரெஸ்ஸி என்ற ஊரில் பிறந்தவர். ஃபேனி கெம்பிள் என்ற புகழ்பெற்ற நாடக நடிகையிடம் பணியாளாக இருந்தவர். 1875-ல் மேற்கு ஆஸ்திரேலிய ஆளுநர் சர் வில்லியம் ராபின்சனின் மாளிகையில் வேலை பார்த்தவர். பின்னர் 'ஆடா' என்ற முத்துக்குளிப் படகை வாங்கியவர். 1882-ல் சிட்னியில் திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1890-களில் குடும்பத்தை விட்டு வெளியேறியவர்.

இனி ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் கதையில் வரும் ஆண்டுகள், வலப்பக்கம் பதிவேடுகளில் உள்ள ஆண்டுகள். 1863-ல் அவர் முத்துக்குளிக்கப் புறப்பட்டபோது பையனுக்கு வயது பதினாறு. யம்பாவோடு பாலைவனத்தில் இருந்திருக்க வேண்டிய 1875-ல் ஆளுநர் வீட்டில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தார். பழங்குடித் தலைவராக இருந்திருக்க வேண்டிய 1882-ல் சிட்னியில் மணமகன். அவர் அளந்த பறக்கும் வாம்பட், ராட்சத ஆக்டோபஸ் எதையும் தொடாமலே கதை இங்கே விழுந்துவிடுகிறது.

வாம்பட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாலை வேளைகளில் வாம்பட்கள் கூட்டம் கூட்டமாக வானில் எழும்பிப் பறக்கும் என்று அவர் சொன்னது லண்டன் முழுக்கச் சிரிப்பாயிற்று. வாம்பட் என்பது வளை தோண்டி வாழும், இருபது முப்பது கிலோ எடையுள்ள, குட்டைக்கால் விலங்கு. ஆனால் இப்படிப்பட்ட அபத்தங்களை மட்டும் வைத்து ஒரு கதையைப் பொய் என்று முடிவுகட்டுவது ஆபத்தான வழி. காரணம் இதே வழக்கில் இருக்கிறது. ஆமை முதுகில் சவாரி செய்ய முடியாது என்று அன்று பலர் கேலி செய்தார்கள். 1906 ஜூலையில் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கின் நீர்த்தொட்டியில் அவர் ஆமை மேல் ஏறிக் காட்டினார்! நம்ப முடியாத பகுதி நடக்கக்கூடியதாக இருந்தது; யாரும் சந்தேகிக்காத தேதிகள்தாம் பொய். சாகசக் கதையில் முதலில் சோதிக்க வேண்டியவை சுவாரசியமில்லாத விவரங்கள்: ஆண்டு, கப்பல் பெயர், துறைமுகம், கூலி, உடன் வந்தவர் பெயர். விந்தைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மைப் பெயர்கள் கதைக்குள் எப்படி நுழைகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஆல்ஃப்ரெட் கிப்சன் என்பவர் உண்மையானவர். ஆஸ்திரேலிய உள்நாட்டை ஆராய்ந்த எர்னஸ்ட் ஜைல்ஸின் பயணக் குழுவில் இருந்து 1874 ஏப்ரலில் பாலைவனத்தில் காணாமல் போனார். கிப்சன் பாலைவனம் என்ற பெயர் அவரால் வந்தது. அந்தக் கிப்சனை மனம் பேதலித்த நிலையில் தானே கண்டெடுத்துப் பராமரித்ததாக டி ரூஜ்மோன் எழுதினார். கேட்பவருக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் ஜைல்ஸின் பயண நூல் 1889-லேயே அச்சில் வந்திருந்தது; லண்டன் வந்தபின் டி ரூஜ்மோன் பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசிப்பறையில் உட்கார்ந்து படித்தவர் என்பதும் வெளியே வந்தது. இந்தச் சந்திப்பைக் கேட்டு வாய்திறந்திருக்கக்கூடிய ஜைல்ஸ், தொடர் தொடங்குவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1897 நவம்பரில் இறந்துவிட்டார். ஒரு கதையில் வரும் உண்மை விவரம் ஏற்கெனவே அச்சில் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைத்தது என்றால் அது சான்றே அல்ல. அதுவரை யாருக்கும் தெரியாத, பின்னால் சரி என்று தெரியவந்த விவரம் ஒன்றாவது உண்டா என்பதுதான் உரைகல். டி ரூஜ்மோனின் தொடரில் அப்படி ஒன்றுகூடத் தேறவில்லை.

எந்த இடம் என்று வரைபடத்தில் காட்டச் சொன்னபோது, தான் கண்ட தங்கத்தைத் தோண்ட ஒரு கூட்டமைப்போடு இரகசிய ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்தார். முப்பது ஆண்டுகள் பேசிய மொழியைப் பற்றியும் பேச மறுத்தார். இந்த 'இரகசிய ஒப்பந்தம்' அந்தக் காலச் சாகசக்காரர்கள் பலரின் கைச்சரக்கு. இடத்தை மறைக்கக் காரணம் இருக்கலாம். மொழியை மறைக்க என்ன காரணம்?

இந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. குட்டு வெளிப்பட்டதும் கிரின் தன் சொந்தப் பெயரிலேயே 'டெய்லி கிரானிக்கிள்' ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைப் போய் அந்த டி ரூஜ்மோன் என்ற ஆளோடு குழப்பிக்கொள்கிறார்களே என்று அதில் வருத்தம் தெரிவித்திருந்தார். ஆசிரியர் கடிதப் பகுதிக்கு வந்தவற்றில் இதற்கு இணையான ஒன்று இருக்குமா தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் இதழ் தொடரை நிறுத்தவில்லை. 1899 மே வரை ஓடியது. அந்த ஆண்டே புத்தகமாகவும் வந்தது. அவர் தென்னாப்பிரிக்க மேடைகளில் 'உலக மகா பொய்யன்' என்ற பட்டத்தோடு தோன்றினார். 1901-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே கூச்சல் போட்டு மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1921 ஜூன் 9 அன்று லண்டனில் வறுமையில் இறந்தார். நூலகத்தில் இன்று கைக்குக் கிடைப்பது புத்தகம்தான். அதை உடைத்த செய்திகள் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குள் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பொய் திரும்பத் திரும்ப எழுந்து வருகிறது.

தேதிக் கணக்குக்கு அடுத்த கருவி தூரக் கணக்கு. துருவப் பயணச் செய்திகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஒரு பாகை அட்சரேகை, அதாவது 60 கலை, என்பது 60 கடல் மைல். இதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தே பயணக் குறிப்பைச் சோதித்துவிடலாம். அமெரிக்கரான ராபர்ட் பியரி 1909 ஏப்ரல் 6 அன்று வடதுருவத்தை அடைந்ததாக அறிவித்தார். மார்ச் 1 அன்று 83 பாகை 7 கலையில் உள்ள கொலம்பியா முனையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 1 அன்று 87 பாகை 47 கலையில் இருந்தார். 4 பாகை 40 கலை என்றால் 280 கடல் மைல். நாளுக்குச் சராசரி 9. பனித்தளத்தில் விழுந்த நீர்ப்பிளவு முன் காத்திருந்த நாட்களைக் கழித்தாலும் சுமார் 11-தான். அந்த இடத்தில், நிலைகணிக்கத் தெரிந்த பாப் பார்ட்லெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். மிச்சம் 133 கடல் மைல். அதை ஐந்து நாளில் கடந்ததாகச் சொன்னார்; நாளுக்கு 26-க்கு மேல். திரும்பி வந்ததும் அதே வேகம்தான்: 413 கடல் மைல், 16 நாள். சாட்சி இருந்தவரை 11, சாட்சி போனதும் 26. ஏற்கெனவே போட்ட தடத்தில் திரும்பினார், கடைசிக் கட்டத்தில் பனித்தளம் சமதளமாக இருந்தது என்று அவரது ஆதரவாளர்கள் வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். ஆனால் 1909-ன் நாளிதழ்த் தலைப்பை மட்டும் படித்தவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

அவருக்கு முன்னே 1908 ஏப்ரல் 21 அன்றே துருவத்தை அடைந்துவிட்டதாகச் சொன்ன ஃபிரெடெரிக் குக்கின் கதை இன்னும் சுவையானது. 1909 செப்டம்பர் 1 அன்று ஷெட்லண்ட் தீவின் லெர்விக் துறைமுகத்திலிருந்து தந்தி போயிற்று. மறுநாள் 'நியூயார்க் ஹெரால்டு' முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அதே மாதம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அங்கே கூடிய நிருபர் கூட்டத்தில் சந்தேகத்தை எழுதியவர் ஃபிலிப் கிப்ஸ். நாளிதழ் அதே 'டெய்லி கிரானிக்கிள்'. அவர் பனியியல் வல்லுநர் அல்லர். நாட்குறிப்பைக் காட்டுங்கள் என்றார். கைவசம் இல்லை என்றார் குக். கருவிகளையும் ஆவணங்களையும் கிரீன்லாந்தில் ஹாரி விட்னி என்ற வேட்டைக்காரரிடம் விட்டு வந்ததாகச் சொன்னார். பியரி தன் கப்பலில் அவற்றை ஏற்ற மறுத்ததால் அங்கேயே புதைக்கப்பட்டுவிட்டன. டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் குழு, வந்து சேர்ந்த காகிதங்களில் துருவத்தை அடைந்ததற்கான சான்று இல்லை என்று முடிவு சொன்னது. செப்டம்பர்ப் பட்டம் பழைய செய்தித் துணுக்குகளில் அடிக்கடி வருகிறது. டிசம்பர்த் தீர்ப்பு வருவதில்லை.

குக் 1906 செப்டம்பரில் அலாஸ்காவின் மெக்கின்லி மலை உச்சியை, அதாவது டெனாலியை, எட்டியதாகச் சொன்னதற்குப் புகைப்படமே சான்று. உடன் போன எட் பேரில் என்பவர் கொடியோடு பாறை உச்சியில் நிற்கும் படம் அது. 1909 அக்டோபரில் இந்த எட் பேரில், உச்சிக்குப் போகவே இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பியரி தரப்பினர் பணம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருப்பதால் அந்தப் பிரமாணத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 1910-ல் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷெல் பார்க்கரும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் படம் எடுத்துவந்தார்கள். பாறையின் விரிசல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. 20,310 அடி உச்சி என்று காட்டப்பட்ட இடம் சுமார் 5,300 அடி உயரமுள்ள ஒரு மேடு; உண்மையான உச்சியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி. அதன் பெயரே இன்று 'போலி உச்சி'. பழைய இதழ்களில் வரும் சாகசப் படங்களைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். எது வெட்டப்பட்டிருக்கிறது, பின்னணியில் அதைவிட உயரமான முகடு ஏதாவது எட்டிப் பார்க்கிறதா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பவையே பேசும்.

ஆளே இல்லாத சாகசங்களும் உண்டு. 1909 ஏப்ரல் 5 அன்று 'அரிசோனா கெசட்' வெளியிட்ட கிராண்ட் கேன்யன் குகைச் செய்தி அந்த வகை. கின்கேட் என்பவர் செங்குத்துச் சுவரில் 1,486 அடிக்குக் கீழே ஒரு வாயிலைக் கண்டாராம். உள்ளே புத்தரைப் போன்ற சிலை, மம்மிகள், ஐம்பதாயிரம் பேர் வசிக்கத்தக்க இடம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் அகழாய்வு செய்கிறது என்றும் செய்தி. அந்த நிறுவனத்தின் பதிவுகளில் அப்படி ஒரு பயணமும் இல்லை, ஆளும் இல்லை. 1,486 என்று கடைசி அடிவரை சொல்லத் தெரிந்த செய்தி, இடம் எது என்று மட்டும் பிடிகொடுக்காமல் நழுவுகிறது. அளவு துல்லியமாகவும் இடம் மங்கலாகவும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னொன்று: இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்றால் மறுநாள், மறுவாரம் நிருபர்கள் மொய்த்திருக்க வேண்டாமா? அப்படி யாரும் மொய்த்ததாகத் தெரியவில்லை. மறுப்பு கிடைக்காத இடத்தில் இந்த மௌனத்தையே மறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். இந்தச் செய்தி இன்றும் யூடியூபில் நம் ஊர்ப் 'பண்டைய தமிழர் அமெரிக்கா சென்றனர்' வகையறாக்களுக்கு இரை ஆகத் தோதானது என்பதால் இதைச் சொல்கிறேன்.

மடகாஸ்கரின் ஆளைத் தின்னும் மரமும் இப்படித்தான். 1874 ஏப்ரலில் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஒரு பயணியின் கடிதமாக வந்தது. அக்டோபரில் அடிலெய்டில் மறு அச்சு. அதை இட்டுக்கட்டியவர் எட்மண்ட் ஸ்பென்சர் என்ற பத்திரிகையாளர் என்று 1888-ல் வெளிவந்தது. அன்றைய அலுவலகங்களில் வெளியூர் இதழ்கள் வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி, கோந்து தடவி ஒட்டி அச்சுக்கு அனுப்புவதே வழக்கம். ஒவ்வொரு வெட்டிலும் ஏதாவது உதிரும். பெரும்பாலும் முதலில் உதிர்வது மூல இதழின் பெயரும் தேதியும். இருபது இதழில் ஒரே செய்தி கிடைத்தால் இருபது சாட்சி என்று எண்ணக் கூடாது. சொற்கள் ஒன்றாக இருந்தால் அது ஒரே சாட்சியின் இருபது நகல்.

தங்கள் பகுதியைத் தொகுப்பவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்து தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்', அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்கிளிங் அமெரிக்கா' மூன்றும் இலவசம். தமிழ் முரசின் பழைய இதழ்களை சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் நாளிதழ்த் தொகுப்பின் பெரும்பகுதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் லண்டன் விவகாரங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. லண்டனில் வந்த மறுப்பு, தந்திச் சுருக்கமாக ஓரிரு நாளில் ஆஸ்திரேலிய இதழ்களில் வந்துவிடும். முழு விவரம் கப்பல் தபால் வந்தபின், ஐந்தாறு வாரம் கழித்து வரும். ஆகவே மூலச் செய்தியின் தேதியை எடுத்து, அடுத்த மூன்று நாள், அடுத்த எட்டு வாரம், அடுத்த ஓராண்டு என்று மூன்று தடவை தேடுங்கள். மறுப்பு முதல் பக்கத்தில் இருக்காது. ஆசிரியர் கடிதங்களிலும் உள்பக்கத் தந்திகளிலும் இருக்கும்.

தேடும்போது சாகசக்காரர் பெயரை மட்டும் போட்டால் புகழ்ச்சிதான் கொட்டும். கப்பல் பெயர், உடன் போனவர் பெயர், இடப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள். பெயர்க் குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். கிரின் என்பவர் கிரீன் என்றும், ரெட்மண்ட் என்றும் வருவார். 'டி' சேர்த்தும் சேர்க்காமலும் வரும். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது மங்கிய எழுத்துகளை மாற்றிப் படித்துவிடும். வரி முடிவில் உடைந்த சொல்லைச் சேர்க்கத் தெரியாது. ஆகவே தேடல் ஒன்றும் தரவில்லை என்பதற்காகச் செய்தி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சந்தேகமான வாரத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே கடைசி வழி. நான்கு பக்க நாளிதழ், ஆறு நாள் என்றால் இருபத்து நான்கு பக்கம், ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்தாக்கப்பட்ட பகுதியை அப்படியே நகலெடுக்காமல் பக்கப் படத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கங்கள்தாம் அதிகம் பிழையாகும். 3-ஐ 8 என்று படித்தால் உங்கள் தேதிக் கணக்கு முழுவதும் சாயும்.

அச்சிடும்போது ஒவ்வொரு துணுக்கின் கீழும் மூல இதழின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் போடுங்கள். 'பின்னர் நடந்தது' என்று இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், எந்தத் தேதிவரை தேடினோம் என்று அந்த இடத்தில் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
பழைய நாளிதழ்கள் படிக்கும் தங்கள் வாசகர்,
மதுரை